பின்பக்க ஆயில் வெளுத்துவிட்டதா? அடுத்த சேற்றுழவுக்கு முன் மாற்றுங்கள்!

மோகனூர் வாய்க்கால் பாசனத்தில் சேற்றுழவு முடிந்த கையோடு நம் பகுதி டிராக்டர்கள் வரிசையாகப் பட்டறைக்குப் போகின்றன. லிப்ட் தூக்கவில்லை, பிரேக் கத்துகிறது, கியர் இறுகுகிறது என்று ஆளுக்கொரு புகார். பின்பக்க ஆயிலின் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால், பல வண்டிகளில் அது பால் ஊற்றிய டீ போல இருக்கும். தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இன்ஜின் ஆயிலை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதைத் தள்ளிப்போடுகிறார்கள். காரணம் செலவுதான். இன்ஜினுக்கு ஏழெட்டு லிட்டர் போதும். பின்பக்கத்துக்கு 40 எச்.பி. வண்டிகளில் பெரும்பாலும் 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆனால் இன்றைய பெரும்பாலான டிராக்டர்களில் இந்த ஒரே ஆயில்தான் கியர் பற்களுக்கு வழுவழுப்பு தருகிறது, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்டை இயக்குகிறது, ஆயிலில் மூழ்கிய பிரேக் தட்டுகளையும் குளிர்விக்கிறது. இது கெட்டால் மூன்றும் சேர்ந்து கெடும். கரும்பு டிரெய்லரை இழுத்துக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போகிற வண்டியில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் எப்படிப் போகிறது? உழவில் சூடேறிய கியர்பெட்டி குளிர்ந்த சேற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அப்போது தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும், பி.டி.ஓ. தண்டின் ஓரமாகவும் வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத்தண்ணீரும் இறங்கும். வாட்டர் சர்வீஸில் அந்த இடங்களில் நேராகப் பீய்ச்சி அடிப்பதும் தவறு.

சந்தேகம் இருந்தால் இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் இன்ஜினைப் போடுவதற்கு முன் அடி போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். பிரிந்த தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி முதலில் சொட்டும். ஆயிலோடு நன்றாகக் கலந்துவிட்ட தண்ணீரைப் பார்க்க, சூடான பழைய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு எட்ட நில்லுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் உண்டு.

மாற்றும் வேலையை நீங்களே செய்யலாம். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். லிப்ட் கைகளை முழுக்க இறக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் சிலிண்டருக்குள் பழைய ஆயில் தங்கிவிடும். பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். கழற்றுவதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். வடிக்கும் போல்ட் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். கியர்பெட்டி, டிஃபரன்ஷியல், இருபக்க அச்சு என்று மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

காந்தம் வைத்த போல்ட் இருந்தால் அதைக் கவனியுங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் கியர் பல் உடைந்திருக்கலாம். புது ஆயில் ஊற்றுவதற்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹைட்ராலிக் வடிகட்டியையும் இப்போதே மாற்றுவது நல்லது.

ஊற்றிய பிறகு லிப்டைப் பத்து முறை ஏற்றி இறக்கி, நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவு பாருங்கள். ஆயில் மறுபடி வெளுத்தால் மூலையில் தங்கிய தண்ணீர் கலந்திருக்கிறது; சீலும் கசியலாம். சீலைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

எந்த ஆயில் என்பதில்தான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஏமாறுகிறார்கள். ஆயில் பிரேக் உள்ள வண்டிக்கு, அதற்கென்றே வரும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் வேண்டும். விலை குறைவு என்று சாதாரண 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் கத்தும், குளிர்ந்த காலையில் லிப்ட் மந்தமாகும். உலர் பிரேக் உள்ள சில பழைய வண்டிகளுக்கு அந்த 90 நம்பரே சரி. கையேட்டில் உள்ள தரக்குறியீட்டை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

'ஆட்டோமேட்டிக் காருக்கும் இப்படி வீட்டில் மாற்றலாமா?' என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கிளட்ச் மிதி மட்டும் இல்லாத ஏ.எம்.டி. காரின் உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டிதான். டார்க் கன்வெர்ட்டர் வகையில் போல்ட்டைக் கழற்றினால் ஒரு பகுதி ஆயில்தான் வடியும். மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். குறிப்பிட்ட சூட்டில்தான் அளவும் பார்க்க வேண்டும். சி.வி.டி. வகைக்கு ஆயிலே வேறு. இவை இரண்டையும் பட்டறைக்கு விடுங்கள்.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிற பழக்கத்தையும் விடுங்கள், அதில் உலோகத்தூள் இருக்கிறது. கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள்.

பல கம்பெனிகள் 1,000 மணி நேரத்தை ஒட்டி ஆயில் மாற்றச் சொல்கின்றன. வெளுத்துவிட்டால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாற்றிய அன்றைய மீட்டர் எண்ணை மட்கார்டின் உட்புறம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். டிரைவர் மாறினாலும் கணக்கு வண்டியிலேயே இருக்கும்.