பேஸ்மென்ட்டில் வீடு இழுக்கும் மூச்சு

1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள லிமரிக் அணுமின் நிலையத்தில், ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் சோதனை வாயிலைக் கடந்தபோது கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. நிலையமோ அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. காரணம் தேடிப் போனால், அது அவருடைய வீட்டில் இருந்தது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாட்ரஸ் வீட்டுக் காற்றில் அது, அமெரிக்க அரசு பின்னர் வகுத்த எல்லையைப் போல் 600 மடங்குக்கும் மேல் இருந்தது.

ரேடான் காற்றைவிட ஏழு மடங்குக்கும் மேல் கனமானது. பிறகு எப்படித் தரைக்கு மேலே வந்தது? வீடுதான் அதை உறிஞ்சுகிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலேறி, கூரையடி இடுக்குகள் வழியே வெளியேறும். அதற்கு ஈடாக அடியிலிருந்து காற்று வந்தாக வேண்டும். வீடு முழுவதுமே ஒரு புகைபோக்கி போல இழுக்க, தரைக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட்டில் காற்றழுத்தம் சில பாஸ்கல் குறைகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் காங்கிரீட் விரிசலிலும், குழாய் நுழையும் துளையிலும் ரேடான் கலந்த மண்வாயு ஏறி வர அது போதும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பலருக்கு முதல் வீடு பேஸ்மென்ட்தான். சாமான் போட்டுவைக்கும் இடத்தைக் குடியிருப்பாக்கும்போது பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பார்கள். ஈரமும் புகையும் வெளியேற அது தேவைதான். ஆனால் போகிற காற்றுக்கு ஈடாகக் காற்று வர வழி வைக்காவிட்டால் அழுத்தம் மேலும் குறையும், மண்வாயு மேலும் ஏறும். பக்கத்தில் பழைய வகை ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ எரிந்தால் ஆபத்து இன்னும் பெரிது. புகைக்குழாயில் மேலே போக வேண்டிய புகை, கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து அறைக்குள் திரும்பலாம். குழந்தைகள் தூங்கும் அறை அது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அங்கே ஒரு கட்டில்கூடப் போடக்கூடாது.

கோடையில் சிக்கல் வேறு. ஜன்னலைத் திறந்துவிட்டால் ஈரம் காய்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 28 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று, 22 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியத் தொடங்கும். மண்ணை ஒட்டிய காங்கிரீட் சுவர் 18 டிகிரியில் இருந்தால், ஜிப்சம் பலகைக்குப் பின்னால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அந்த நாட்களில் ஜன்னலை மூடிவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை ஓட்டுவதே சரி.

குளிர்நாட்டுப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்தது வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி. வெளியேறும் சூடான காற்றும் உள்ளே வரும் குளிர்காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடுகின்றன. காற்று கலப்பதில்லை, வெப்பம் மட்டும் இடம் மாறுகிறது. வரவும் செலவும் சமம் என்பதால் அழுத்தமும் குலைவதில்லை. ரேடான் மிகுந்த வீட்டுக்கு இது போதாது. தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, சிறிய ஃபேனால் காங்கிரீட்டுக்கு அடியிலிருந்தே வாயுவை உறிஞ்சி வெளியே விடுவார்கள். அழுத்தம் இப்போது வீட்டைவிட அதன் அடியில் குறைவு என்பதால், ஓட்டம் திசை மாறிவிடுகிறது.

கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கெரல் என்பது ரேடானுக்குக் கனடா அரசின் வழிகாட்டு எல்லை. பக்கத்து வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது. சிறிய அளவுமானி ஒன்றைக் குளிர்காலத்தில் மூன்று மாதம் பேஸ்மென்ட்டில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பித் தெரிந்துகொள்ளலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், குழாய் இறக்க ஒட்டிய டைல்ஸை உடைக்கிற செலவு மிச்சம்.