தராசும் சமன்பாடும்

“அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்.” பீஜ கணிதம் படித்தவர்களிடம் நேரிய சமன்பாட்டைப் பற்றிக் கேட்டால், அவர்கள் நினைவில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியமே. ஏன் மாறும் என்று கேட்டாலோ விடை வருவதில்லை. மாணாக்கன் தேர்வில் தவறினால், “அவனுக்குக் கணக்கு வராது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். குற்றம் அவனுடையதா, கற்பித்த முறையினுடையதா என்று நாம் ஆராய்வதில்லை.

திண்டுக்கல் பூட்டின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், உபாத்தியாயர் நான்கு பூட்டுகளையும் ஒரு தராசையும் மேஜைமேல் வைப்பதாகக் கொள்வோம். (கையால் செய்த பூட்டுகள் எடையில் சற்றே வேறுபடும், ஒத்தவையாகப் பொறுக்கி எடுப்பது அவசியம்.) இடத் தட்டில் மூன்று பூட்டும் 100 கிராம் படிக்கல்லும், வலத் தட்டில் ஒரு பூட்டும், 200, 200, 100 ஆக 500 கிராமும். முள் நடுவில் நிற்கிறது. ஒரு மாணாக்கி இரு தட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பூட்டை எடுக்கிறாள், முள் அசையவில்லை. இரண்டிலும் 100 கிராமை எடுக்கிறாள், அப்பொழுதும் அசையவில்லை. இரண்டு பூட்டு 400 கிராம். ஆகவே ஒன்று 200. எதுவும் ‘அந்தப் பக்கம்’ போகவில்லை, எதன் குறியும் மாறவில்லை என்பதை அவள் பிரத்தியட்சமாகக் காண்கிறாள்.

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான யுக்தி என்று எவரும் எண்ண வேண்டாம். 499-ல் ஆரியபட்டர், சமமான செல்வமுள்ள இருவரிடம் உள்ள, விலை தெரியாத குளிகைகளைக் கொண்டே இக்கணக்கிற்கு விதி வகுத்தார். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் குதிரைகளைக் கொண்டு கற்பித்தார்: ஒருவனிடம் 6 குதிரையும் 300 ரூபமும் உள்ளன, மற்றவனிடம் 10 குதிரை உண்டு, ஆனால் 100 ரூபம் கடன், இருவர் செல்வமும் சமம். குதிரையின் விலை 100. தராசினால் ஆகாத ஒன்றை இந்தக் கடன் செய்துவிடுகிறது. தட்டில் குறை எண்ணை வைக்க முடியாது. கடனை எந்தக் குடியானவன் வீட்டுப் பிள்ளையும் அறிவான்!

திண்டுக்கல்லுக்கு அருகே, சின்னாளபட்டியை அடுத்து, 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். 1937-ல் வார்தா மகாநாட்டில் உருவான ஆதாரக் கல்வி இங்கே வேர் கொண்டது. கைத்தொழிலின் வழியே பாடம் என்பது அக்கல்வியின் கொள்கை. நூற்பையே எடுத்துக்கொள்வோம். 4 அடி கொண்டது ஒரு சுற்று. 640 சுற்று ஒரு சிட்டம். நேற்று 160 சுற்று நூற்று, இன்று அரைமணிக்கு 80 வீதம் நூற்பவன் எப்பொழுது சிட்டத்தை முடிப்பான்? 480-ஐ 80 ஆல் வகுத்தால் ஆறு அரைமணி. மூன்று மணி நேரம். அரைமணிக்கு ஒரு புள்ளியாகக் கட்டக் காகிதத்தில் குறித்தால், புள்ளிகள் நேர்கோட்டில் அமைகின்றன. ‘நேரிய’ என்ற பெயரின் காரணம் அதுவே. ஆயினும் இம்முறை உயர்நிலை வகுப்பின் பீஜ கணிதம் வரை பரவலாக எட்டவில்லை என்பது நம் வருத்தம்.

ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டம் குலக் கல்வி என்று கண்டிக்கப்பட்டு, 1954-ல் காமராஜ் ஆட்சியில் கைவிடப்பட்டது. கைவேலை என்றாலே ஏழைப் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்குத் திருப்பும் சூழ்ச்சி என்ற ஐயம் அன்று முதல் நிலைத்துவிட்டது. நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது. பூட்டுத் தொழிலாளியின் மகன் பூட்டைக் கையில் எடுப்பது பூட்டுச் செய்வதற்கல்ல, பீஜ கணிதத்தைத் தன் உடைமையாக்கிக் கொள்வதற்கு. வக்கீல் மகனும் அதே தராசின் முன் நிற்க வேண்டும். ஒருவனுக்குக் கைவேலை, மற்றவனுக்கு ஏடு என்று பிரிக்கும் எந்த ஏற்பாட்டையும் நாம் ஆதரியோம்.

செலவும் பெரிதல்ல. வகுப்புக்கு நான்கு தராசு, சில படிக்கற்கள், கட்டக் காகிதம் ஆகியவை போதும். உண்மையான முட்டுக்கட்டை நேரம். பொதுத் தேர்வுக்குப் பாடத்தை முடிக்க விரையும் உபாத்தியாயருக்கு, முள் நிற்கும் வரை காத்திருக்க அவகாசமில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் வாரத்திற்கு ஒரு பாட வேளையையேனும் இதற்கென ஒதுக்கி உத்தரவிட வேண்டியது கல்வி இலாகாவின் பொறுப்பு.