அறுத்துத் தீர்க்கும் அருள்

அறுவை மருத்துவம் நிகழ்ந்து முடிந்தபின், நோயாளர் உடல் தேறும் நாட்களில் அருகிருந்து காக்கும் சுற்றத்தார் உள்ளத்தே இரண்டு ஐயங்கள் எழுதல் இயல்பு. பிராரத்த வினை நுகர்ந்தே தீருமாயின் மருந்தும் வழிபாடும் எற்றுக்கு என்பது ஒன்று. இறைவன் அருளே வடிவினனாயின் அன்பர் உடல் கத்தியால் அறுபட விடுதல் என்னை என்பது மற்றொன்று. இவ்விரண்டற்கும் நம் நூல்களில் விடையுண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து, உடன்வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியது. அந்நிலத்திற்கு அஃது இயல்பென்று பிள்ளையார் வாளாவிருந்தாரல்லர், திருநீலகண்டப் பதிகம் அருளிச்செய்தார், நோய் அகன்றது. அப்பதிகத்தின் முதற்பாட்டு, செய்த வினைக்கு ஈடாகவே பயன் வருமென்று உரைத்து அமைவாரை நோக்கி, உய்யும் நெறியை நாடாதிருத்தல் உங்கட்குக் குறையன்றோ என வினவுகின்றது. ஈண்டு மறுக்கப்பட்டது வினையன்று. வினையைக் காரணங்காட்டிச் சோம்பியிருத்தலே. ஆதலின், மருத்துவரை நாடுதலும் இறைவனைப் பரவுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டும் உய்வு நாடுதலேயாம் என்க.

இனி இரண்டாம் ஐயம். 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்துள் ஓர் உவமை கூறினார். மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்ப்பான். வேறு சிலவற்றைப் பாலும் கட்டியும் கலந்து கொடுத்துத் தீர்ப்பான். அதுபோல இறைவனும் இன்ப துன்பங்களை ஊட்டி வினையை அறுப்பான் என்பது அதன் கருத்து. அப்பாட்டில் ‘அருத்தி’ என்னும் சொல் இருமுறை வருகின்றது. மருத்துவன்மேல் வருமிடத்து அது விருப்பம், அன்பு எனப் பொருள்படும்; இறைவன்மேல் வருமிடத்து ஊட்டி எனப் பொருள்படும். 1846-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தின்கீழ் அறுவை செய்து பலரறியக் காட்டப்பெறுமுன், கத்தியின் வேதனையை நோயாளர் பெரும்பாலும் உணர்ந்தே பொறுத்தனர். அத்தகைய காலத்து ஆசிரியர், அறுக்குங் கைக்கு அன்பை அடையாக்கினார். அறுத்தல் வன்கண்மையன்று, அன்பின் தொழிலே என்பது பெறப்படும்.

அற்றேல், நோயுற்றாரை நோக்கி, ‘இது நீர் செய்த வினை’ என இடித்துரைத்தல் தகுமோ எனின், தகாது. உவமையில் இறைவன் மருத்துவனாக நிற்கின்றான், குற்றஞ்சாட்டுவோனாக அல்லன். வினைக்கொள்கை தன்னைத்தான் ஆராய்தற்கு உரியது. படுக்கையிற் கிடப்பாரைப் புண்படுத்தற்கு உரியதன்று.

அறுத்தபின் ஆறவேண்டும். அதுவே நீண்ட காலம். சென்ற ஆண்டில் அடியேன் மனையாட்டிக்கு நெஞ்சைத் திறந்து இருதய அறுவை செய்தனர். இவ்வறுவையில் நடு நெஞ்செலும்பை நெடுகப் பிளந்து, முடிவில் எஃகுக் கம்பியால் இறுக்குவர். அவ்வெலும்பு பொருந்த 6 முதல் 12 வாரம் வரை செல்லும். இடையே உறக்கமின்மையும் மனச்சோர்வும் வருதல் உண்டு. முதியோர்க்குச் சின்னாள் அறிவு மயங்குதலும் உண்டு. முன்னெல்லாம் திருமுறை ஓதியவர் அதனைக் கேட்கவும் விரும்பாது முகந்திருப்பிக் கிடக்கலாம். இதனைப் பத்தி குன்றியதென்று கொள்ளற்க. இது மருத்துவரிடம் உரைக்கத்தக்க உடற்குறியேயாம். அவர் ஓதவியலாத நாட்களில் அருகிருப்பார் அவர்பொருட்டு ஓதுக.

அருகிருப்பார் கடமை சிறிதன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறளில், நோயுற்றான், தீர்ப்பான், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு வேண்டுவன அன்பு, தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு என விரித்தார். உரிய வேளையில் மருந்தளித்தலும், புண்ணைத் தூய்மையாகக் காத்தலும், நடைபழகத் தோள்கொடுத்தலும் இவற்றுள் அடங்கும். சிவத்தை எண்ணிச் செய்வார்க்கு இவையும் தொண்டேயாம்.

காத்திருத்தலுக்குச் சான்று திலகவதியார். தம்பியார் புறச்சமயம் புக்க காலத்தும் அவர் திருவதிகை வீரட்டானத்துத் திருவலகிடுதல், மெழுக்கிடுதல், மாலை தொடுத்தல் ஆகிய பணிகளை விட்டாரல்லர். தம்பியாரை ஆட்கொள்ளுமாறு விண்ணப்பித்தலையும் விட்டாரல்லர். அதற்கு இறைவன் அளித்த விடையோ சூலைநோய். வேண்டியது அருள், வந்தது நோய், அந்நோயே மருந்தாயிற்று. அதனை முற்றும் கண்டபின் நமக்கு விளங்குகின்றது. திலகவதியாரோ பயன் காணாமுன்னரே நாடோறும் பணிசெய்தார். நம்பிக்கையாவது இதுவே.

உடல் தேறாதொழியின் யாதாம் என்னும் அச்சத்தையும் மறைத்தல் வேண்டா. வழிபாடு இறைவனோடு செய்யும் வாணிகமன்று. இவ்வளவு ஓதினேன், இவ்வாழ்நாள் தருக என்னும் கணக்கு அங்கில்லை. எனினும் நலம் வேண்டி அழுதல் பிழையன்று. பிள்ளை தாயினிடத்தன்றி யாரிடத்து அழும்? மானிட மருத்துவன் தொழில் இவ்வுடலளவில் முடியும். ஆணவமலமாகிய நோயைத் தீர்க்கும் வைத்தியநாதன் தொழில் ஒருடலோடு முடிவதன்று. உயிரை அவன் எப்பிறப்பினும் கைவிடான். இத்துணிவுடையார் மருத்துவர் கூறும் நற்செய்தியை வணக்கத்தோடு ஏற்பர். மற்றையதையும் அவன் திருவடியை விடாதே தாங்குவர்.

திருச்சிற்றம்பலம்.