இலக்கிய முகவரின் நம்பகத்தன்மை

இலக்கிய முகவர் என்பவர் எழுத்தாளரின் சார்பில் பதிப்பகங்களுடன் பேசி, ஒப்பந்தத்தையும் உரிமைத்தொகையையும் பெற்றுத் தருபவர் ஆவார். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் பெரும் பதிப்பகங்கள் பல, முகவர் வழியாக வராத படைப்புகளைப் பரிசீலிப்பதில்லை. ஆகவே முதல் நூலை எழுதி முடித்தவர்கள் முகவர் ஒருவருக்காக ஏங்கிக் காத்திருப்பது வழக்கம். அவ்வேக்கத்தைப் பயன்படுத்திப் பணம் பறிப்போரும் முகவர் என்ற பெயரிலேயே இயங்குகின்றனர். இத்தொழிலுக்குத் தகுதித் தேர்வு எதுவும் இல்லாமையால், பெயர்ப்பலகை வைத்த எவரும் தம்மை முகவர் என அழைத்துக்கொள்ளலாம்.

தரகுத்தொகை

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் இத்தொழிலை நிலைநிறுத்திய ஏ. பி. வாட் 10 விழுக்காடு தரகு பெற்றார். தற்போது உள்நாட்டு உரிமைக்கு 15 விழுக்காடும், மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 விழுக்காடும் பொதுவான அளவாகும். இத்தொகை பதிப்பகம் தரும் பணத்திலிருந்தே கழிக்கப்படுகின்றது. நூல் விலைபோகாவிடில் முகவருக்கும் வருவாய் இல்லை. ஆகவே வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம் போன்றவற்றை முன்கூட்டியே கேட்பவருக்கு நூலை விற்கவேண்டிய தேவையே இல்லை எனலாம்.

இதற்கு விதிவிலக்குகள் இருந்துள்ளன. நோர்மன் மெய்லர் போன்றோரின் முகவராக விளங்கிய நியூயோர்க்கின் இசுக்காட் மெரிடித் நிறுவனம், புதியவர்களிடம் வாசிப்புக் கட்டணமும் பெற்றுவந்தது. எனினும் அமெரிக்க, பிரித்தானிய முகவர் சங்கங்களின் நெறிமுறைகள் இன்று அதனை ஏற்பதில்லை. மறைமுகமான வழியும் உண்டு. 1990களில் முகவர்கள் சிலர், "திருத்தினால் ஏற்கலாம்" எனக் கூறி எழுத்தாளர்களைக் கட்டணத் திருத்துநர்களிடம் அனுப்பி, அக்கட்டணத்தில் பங்கு பெற்றனர்.

ஆள்மாறாட்டம்

முகவர் தாமாகவே எழுதுவது அரிதெனினும் நிகழக்கூடியதே. இதழில் வந்த சிறுகதை ஒன்றைப் படித்துவிட்டு நாவல் உண்டா எனக் கேட்பது பழைய வழக்கம். ஆனால் கடிதத்தில் உள்ள பெயர் உண்மையான முகவருடையதாக இருப்பது மட்டும் போதாது. இலண்டனில் பதிப்பகமொன்றில் பணியாற்றிய பிலிப்போ பெர்னார்தினி என்பவர், 2016 முதல் முகவர்கள், பதிப்பாசிரியர்கள் ஆகியோரின் பெயர்களில் மின்னஞ்சல் அனுப்பி, வெளிவராத கையெழுத்துப்படிகளை ஆயிரத்துக்கும் மேலாகப் பெற்றார். முகவரியில் 'எம்' என்னும் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து இட்டதால், பார்வைக்கு அது மெய்யானதாகவே தோன்றியது. 2022 சனவரியில் கைதான அவர், மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

முன்பு, படைப்பின் உள்ளடக்கத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டும் கடிதம் ஓரளவு நம்பத்தக்கதாகக் கருதப்பட்டது. செயற்கை அறிவுக் கருவிகள் அத்தகைய பாராட்டை நொடியில் எழுதித் தருவதால் அவ்வடையாளமும் பயனற்றதாகிவிட்டது. கடிதத்திலுள்ள தொடர்பு விவரங்களை விடுத்து, நிறுவனத்தின் முகவரியைத் தனியே தேடிக் கேட்பதே இப்போதுள்ள வழி. அம்முகவர் விற்ற நூல்களின் பெயர்களைக் கேட்டு, அவற்றின் பதிப்பகங்களைப் பார்ப்பதும் உதவும். அறியப்பட்ட பதிப்பகம் ஒன்றுகூட இல்லையெனில் மேலும் ஆராயத் தேவையில்லை.

ஒப்பந்தத்திற்குப் பின்

நற்பெயர் பெற்ற நிறுவனத்திலும் இடர் உண்டு. 2018 இல் நியூயோர்க்கின் டொனாடியோ அண்டு ஓல்சன் நிறுவனத்தின் கணக்காளர், எழுத்தாளர்களுக்குரிய 34 இலட்சம் டொலர் வரையான பணத்தைக் கையாடியது வெளிப்பட்டது. நாவலாசிரியர் சக் பாலனியுக்கும் இதில் இழப்புக்குள்ளானார். பதிப்பகம் முழுத்தொகையையும் முகவருக்கு அனுப்புவதே வழக்கமாதலால் இது இயன்றது. எழுத்தாளரின் பங்கை நேரடியாக அவருக்கே செலுத்தும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு கேட்கலாம். சில முகவர்கள் இதற்கு இணங்குகின்றனர்.