ஆறு கட்டை, ஒரு சாவி

“ஏடாகூடமா எதையாவது செஞ்சு வைக்காதே” என்று பிள்ளைகளை அதட்டாத தமிழ் வீடு அபூர்வம். அந்த ஏடாகூடத்தைக் கையில் எடுத்துப் பிரிக்கலாம், திரும்பக் கோக்கலாம் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். கேரளத்தில் அது ஒரு மர விளையாட்டுப் பொருளின் பெயர்.

பார்ப்பதற்கு எளிய பொருள்தான். ஒரே நீளம், ஒரே தடிமனில் ஆறு சதுரக் கட்டைகள். இரண்டு இரண்டாக மூன்று திசையில் ஒன்றையொன்று குறுக்கே கவ்விக்கொண்டு நிற்கும். ஆணி இல்லை, பசை இல்லை. கட்டைகளின் நடுவில் வெட்டிய காடிகள்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஒரு கட்டையில் மட்டும் காடியே இருக்காது. அதுதான் சாவி. அதைக் கண்டுபிடித்துத் தள்ளினால் மற்ற ஐந்தும் கலகலத்து மடியில் விழும். பிரிப்பது அத்தோடு முடிந்தது. கோப்பதில்தான் ஏடாகூடம் ஆரம்பிக்கிறது.

மலையாளத்தில் இந்தச் சொல்லுக்கு ‘எளிதில் மீள முடியாத சிக்கல்’ என்று பொருள். தமிழில் தாறுமாறு, முறைகேடு. இரண்டு பொருளும் ஒரே நாக்கில் புழங்கும் இடம் எல்லைப் பகுதி. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்து, 1972-இல் உருவான இடுக்கி மாவட்டத்துக்குள் வந்தன. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடும். தமிழில் சொல் மட்டும் தங்கி, விளையாட்டுப் பொருள் கைநழுவிவிட்டது. கேரளத்தில் இரண்டும் இருக்கின்றன. எல்லைக்காரர்கள் நினைத்தால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய கேரள வீட்டின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தவருக்கு இந்த விளையாட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உத்தரமும் கழிக்கோலும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும் அதே தச்சு முறை இங்கே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. காடி ஒரு நூல் அதிகமானால் கட்டை ஆடும். ஒரு நூல் குறைந்தால் உள்ளே போகாது. தச்சுக் கதைகளுக்கும் இந்த மண்ணில் குறைவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலுள்ள பன்னியூர் வராகமூர்த்தி கோயிலில், கேரளக் கதைகளில் வரும் தச்சரான பெருந்தச்சன் தன் உளியையும் முழக்கோலையும் விட்டுவிட்டுப் போனதாக ஐதிகம். சீனாவிலும் இதே வகைப் பொருள் உண்டு. அங்கே அதை லூபான் பூட்டு என்கிறார்கள். லூபானும் கதைகளில் வாழும் ஒரு பெருந்தச்சர்தான். ஐரோப்பாவில், 1733-இல் ஸ்பெயின்காரர் பாப்லோ மிங்கேத் வெளியிட்ட நூலில் இவ்வகைப் புதிரின் படம் இருக்கிறது.

ஆறே கட்டை, இதில் என்ன கஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டையை அசையாமல் வைத்துக்கொண்டால் மற்ற ஐந்தை ஐந்து இடங்களில் 120 விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றையும் தலைமாற்றியும் வைக்கலாம் என்பதால் 32 மடங்கு. ஆக மொத்தம் 3,840. ஒரு முயற்சிக்குப் பத்து விநாடி என்றாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஒரு தொகுப்புக்கான கணக்குதான். காடிகளை எத்தனை விதமாக வெட்டலாம் என்று அமெரிக்கக் கணித ஆர்வலர் பில் கட்லர் கணினியை வைத்து ஆராய்ந்தார். உள்ளே பொந்தே இல்லாமல் கச்சிதமாக அமையும் கோப்புகள் மட்டும் 1,19,979 என்று தெரிந்தது. பொந்து இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டால் எண்ணிக்கை 3,565 கோடியைத் தாண்டியது. அந்த இரண்டாவது ஆராய்ச்சி 1987 முதல் 1990 வரை நீண்டது.

கட்டைகளை எவ்வளவு வேகமாகக் கோக்கலாம் என்பதும் ஒரு விளையாட்டுதான். வேகம் என்றதும் ரூபிக் கியூப் நினைவுக்கு வரும். அதுவும் மரத்தில் பிறந்ததுதான். புடாபெஸ்ட் ஆசிரியர் எர்னோ ரூபிக் 1974-இல் செய்த முதல் கனசதுரம் மரத்தாலானது. தான் செய்ததைத் தானே சேர்க்க அவருக்குச் சுமார் ஒரு மாதம் பிடித்தது. 1982-இல் அதே நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் 22.95 விநாடியில் வென்றார். 2023-இல் மேக்ஸ் பார்க் அதை 3.13 விநாடிக்குக் கொண்டுவந்தார். ஏடாகூடத்துக்கு அப்படி உலக அமைப்போ சாதனைப் பட்டியலோ தேவையில்லை. செல்போனிலுள்ள நிறுத்துக் கடிகாரம் போதும். நேற்றைய நேரம்தான் எதிராளி.

வேகம் கூட்ட நினைப்பவர் முதலில் மெதுவாகப் பிரிக்கப் பழக வேண்டும். கழற்றிய வரிசையிலேயே கட்டைகளை ஒரு துண்டின் மேல் அடுக்கினால், பின்னாலிருந்து முன்னால் வருவதே கோக்கும் வழி. அது மனத்தில் பதிந்ததும் கட்டைகளைக் கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் காடியைத் தடவி எது எது என்று அடையாளம் காண வேண்டும். உண்மையில் நேரம் போவது யோசிப்பதில் அல்ல, சரிவதில். மூன்று கட்டைகள் தாமாக நிற்காது. நான்காவது வரும்வரை இடக்கை விரல்கள்தான் பூட்டு. ஐந்தும் அமர்ந்துவிட்டால் நடுவில் ஒரு சதுரச் சந்து திறந்திருக்கும். சாவி அதற்குள் வழுக்கிப் போகும் அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே மறுபடியும் பிரிக்கத் தோன்றும். தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதையே விழுங்கும் வேலை, கை பழகினால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்.

ஊரும் இதில் ஒரு கை பார்க்கும். மரம் ஈரத்தைக் குடித்தால் தடிமனில் உப்பும். நீளத்தில் அநேகமாக மாறாது. காடியின் இறுக்கம் தடிமனைப் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் மாத வெயிலில் தளர்ந்து ஆடும் ஏடாகூடம், மூணாற்றின் ஜூலை மழையில் அசைய மறுக்கும். சுத்தியலைத் தேட வேண்டாம். இரண்டு நாள் காய்ந்த இடத்தில் வைத்து, காடிகளில் மெழுகைத் தேய்த்தால் வழிக்கு வரும். தேக்கில் செய்தது இந்தத் தொல்லையைக் குறைவாகவே தரும்.

பரணிலிருந்து எடுத்த ஏடாகூடத்தில் ஒரு கட்டை காணாமல் போயிருந்தால்? பொந்தில்லாத வகையாக இருந்தால் கவலை வேண்டாம். மிச்சமுள்ள ஐந்தையும் அதனதன் இடத்தில் நிறுத்தி நூலால் கட்டிவிட வேண்டும். உள்ளே மிஞ்சும் வெற்றிடம் எதுவோ அதுவே தொலைந்த கட்டையின் வடிவம். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் தச்சர் அளவெடுத்துப் புதிதாக வெட்டித் தருவார்.