ஆன்லைன் டிகிரி: ஹெச்.ஆர். மேசையில் எடுபடுமா?

‘வேலை பார்த்துக்கிட்டே எம்.பி.ஏ. முடிக்கலாம்’ என்ற விளம்பரம் போனைத் திறந்தாலே வந்து நிற்கிறது. கட்டணத்தைப் பார்த்ததும்தான் சந்தேகம் வருகிறது: ‘இதைக் காட்டினா கம்பெனில மதிப்பாங்களா?’

சட்டப்படி மதிப்பு உண்டு. அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் வழங்கும் ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவுபடுத்திவிட்டது. ஆனால், தனியார் நிறுவனம் யாரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. சொல்ல முடியாதே! ‘முழுநேரப் படிப்பு மட்டும்’ என்று போடும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன, குறிப்பாக ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுக்கும்போது. குவியும் ரெஸ்யூம்களைக் கழித்துக்கட்ட அவர்களுக்கு ஒரு வடிகட்டி தேவை. படித்த முறை அதற்குச் சுலபமாகக் கைகொடுக்கிறது. நாலைந்து வருட அனுபவம் இருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவரிடம் கேட்கப்போவது பார்த்த வேலையைப் பற்றித்தான்.

உண்மையில் ஹெச்.ஆர். சந்தேகப்படுவது ஆன்லைன் வகுப்பை அல்ல. ‘பரீட்சையை இவர்தான் எழுதினாரா?’ என்பதைத்தான். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேர ஜே.இ.இ. தேவையில்லை, பாடங்கள் எல்லாம் வீடியோவில். ஆனால், முக்கியத் தேர்வுகளைக் கண்காணிப்பாளர் இருக்கும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அந்தப் பட்டத்துக்கு மரியாதை கிடைப்பதில் ஐ.ஐ.டி. என்ற பெயருக்குப் பங்கு உண்டு, இந்தத் தேர்வு முறைக்கும் உண்டு.

சேரும் முன்பு விளம்பரம் தரும் ஆப்பை நம்பாமல், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா? யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. மருத்துவம், சட்டம், பி.இ. போன்றவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதியே கிடையாது. உரிய ஒப்புதல் இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அடிவாங்கின. 2001-05-ல் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு சேர்ந்தவர்களுடையவை ரத்தாகின. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்களும் தப்பவில்லை.

ரெஸ்யூமில் ‘ஆன்லைன்’ என்பதை மறைக்கலாமா? வேண்டாம். சான்றிதழைச் சரிபார்க்கும் ஏஜென்சி பல்கலைக்கழகத்திடமே கேட்கும். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு பொய் வெளிப்பட்டால், வேலை போவது பட்டத்தால் அல்ல, பொய்யால்.

தமிழ்நாடு அரசு வேலை என்றால் கூடுதலாக ஒன்று: பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, அதன் பிறகு டிகிரி என்ற வரிசை மாறக் கூடாது. பிளஸ் 2 முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய டிகிரியை, யு.ஜி.சி. முத்திரை இருந்தாலும், டி.என்.பி.எஸ்.சி. ஏற்காது.