வார்ட்பர்க் மலைக்கோட்டை

ஜெர்மனியின் நடுப்பகுதியில், துரிங்கியக் காட்டின் ஓரத்தே ஐசனாக் என்னும் சிறு நகரம் உள்ளது. இசைமேதை பாக் 1685இல் பிறந்த ஊர் அதுவே. அங்கிருந்து மரநிழலூடே மலைப்பாதையில் ஏறிச்சென்றால், 411 மீட்டர் உயரத்தில் வார்ட்பர்க் கோட்டையைக் காணலாம்.

கோட்டை கண்ணிற்பட்டதும், இடைக்காலமே எதிரில் நிற்பதாக மயங்குவது இயல்பு. ஆயினும் நம்மை முதலிற் கவரும் உயர்ந்த சதுரக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது! 11ஆம் நூற்றாண்டில் தோன்றிய இக்கோட்டை பிற்காலத்தில் சிதைவுற்றது. வைமார் அரசகுலத்தினரான கார்ல் அலெக்சாந்தர் அதனைப் புதுப்பிக்க முற்பட்டார். பழங்கோட்டை எவ்வாறு இருந்தது என்பதோடு, எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று தம் காலத்தவர் கண்ட கனவையும் அவர் கல்லிற் கட்டிவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

அங்ஙனமாயின் பழமை எங்கே? வளைவுச் சாளரங்கள் வரிசையாக அமைந்த அரசமாளிகையைப் பாருங்கள். அதன் சுவர்களும் சிற்பத் தலைப்புடைய தூண்களும் 12ஆம் நூற்றாண்டின. அதே மாளிகையின் மேல்தளத்தில் பகட்டாக விளங்கும் விழாக்கூடத்தின் அலங்காரமோ, பெரும்பாலும் புதுப்பித்தவர்களின் கைவண்ணம்.

எனக்கு அக்கூடத்தினும் பெரிதாகத் தோன்றுவது மரச்சுவர் கொண்ட ஓர் எளிய அறை. மார்ட்டின் லூத்தர் 1521 மே முதல் 1522 மார்ச் வரை, பெயர் மாற்றி, தாடி வளர்த்து, இக்கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். கிரேக்கத்திலிருந்த புதிய ஏற்பாட்டை ஏறத்தாழ பதினொரு வாரங்களில் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். அவர் பிசாசின்மீது மைக்கூட்டை எறிந்தார் என்றொரு கதை உண்டு. வருவோர்க்குக் காட்டுவதற்காகச் சுவரின் மைக்கறையைப் பலமுறை புதுப்பித்தார்களாம்! இன்று அக்கறை இல்லை, மொழிபெயர்ப்பு இருக்கிறது. அவ்வழி வந்த சீகன்பால்குவே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர்.

மாணவர்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தி: 1817 அக்டோபர் 18 அன்று ஏறத்தாழ 500 மாணவர்கள் இங்கே கூடி, சிதறிக்கிடந்த ஜெர்மன் நாடுகளின் ஒற்றுமையையும் உரிமையையும் கோரினர். அன்று மாலை அவர்களுள் சிலர் நூல்களை எரித்ததும் மறைக்கத்தக்கதன்று.

கோட்டைக்குத் தெற்கே காட்டுவழியில் இறங்கினால் டிராகன் இடுக்கு வரும். பாசி படர்ந்த பாறைகள் இருமருங்கும் நெருங்க, சிலவிடங்களில் ஒருவர் பின் ஒருவராகவே நடக்கவேண்டும்; பாதையின் கீழே ஓடை சலசலக்கிறது. கூழாங்கற்கள் மண்ணோடு இறுகியதால் விளைந்த கூட்டுப்பாறை அது. கையால் தடவிப் பாருங்கள்: மேலே கோட்டையைத் தாங்கி நிற்பதும் அவ்வகைப் பாறையே.